தலைப்பாகைச் சாரணர்கள்

எங்கள் பள்ளிச் சாரணர் படையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது சீருடை எப்போது கிடைக்கும் என்றுதான். கயிறும் முடிச்சும் அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டு, முதல் வகுப்பில் நான் 1916ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுவேன். இந்தச் சீருடையைப் போட ஒரு காலத்தில் நம் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும். சாரண ஆசிரியர்களே பலர் இதைச் சொல்லித் தருவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமுக்கு ஏறத்தாழ இருபது பையன்கள் வந்தார்கள். சிலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், பெரிய பள்ளிகளில் படித்தவர்கள். மற்றவர்கள் பூல், போர்ன்மவுத் ஊர்களின் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். இரு தரப்பையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்து, ஒன்றாகச் சமைத்து உண்ணவும் ஒன்றாகத் தூங்கவும் வைத்தார். அந்த முகாமில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கலப்புதான்.

அந்தக் கலப்பு மட்டும் கப்பலேறி இங்கே வரவில்லை. 1909இல் பெங்களூரில் கேப்டன் டி. எச். பேக்கர் இந்தியாவின் முதல் சாரணர் படையைத் தொடங்கினார். ஓரிரு ஆண்டுகளில் சென்னை, சிம்லா, ஜபல்பூர் என்று பரவியது. எல்லாம் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். தடம் பார்க்கவும் சைகையில் செய்தி அனுப்பவும் கற்றுக்கொண்டால் இந்தியப் பையன்கள் புரட்சிக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது. இத்தனைக்கும் 1890களின் இறுதியில் பேடன் பவல் தம் படைவீரர்களுக்கு இந்த வித்தைகளைப் பழக்கிய இடம் நம் மீரட்!

அந்தக் கதவைச் சென்னை உடைத்தது. 1916இல் அன்னி பெசன்ட், தம் தோழர் அருண்டேலின் துணையோடு, சென்னையைத் தலைமையிடமாக வைத்து இந்தியப் பையன்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். அவர் இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்டு ஹோம்ரூல் லீக்கைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாட்டும் நம் நாட்டுப் பாட்டு. மறு ஆண்டு அரசு இருவரையும் ஊட்டியில் காவலில் வைத்தது. சங்கம் நின்றுவிடவில்லை. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்டின் சங்கம் பிரிட்டிஷ் சங்கத்தோடு இணைந்தது. மறுத்தவர்கள் தாங்களே வந்து சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். தேசியத் தலைவர்கள் மாளவியாவும் குன்ஸ்ருவும் வளர்த்த அலகாபாத் சேவா சமிதிச் சாரணர்கள் அப்போதும் தனியாகவே நின்றார்கள். எல்லோரும் ஒரே கொடியின்கீழ் வந்தது 1950 நவம்பர் 7இல், பாரத சாரண இயக்கமாக. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் சாரணியரும் இணைந்தனர். அரசருக்குக் கடமை என்றிருந்த உறுதிமொழி நாட்டுக்குக் கடமை என்றானது.

பிரவேஷ் முதல் திரிதீய சோபான் வரையான சாரணர் நிலைகளில் படிப்படியாக ஏறி, ஆளுநர் விருதான ராஜ்ய புரஸ்காருக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைத் தனியாகவும் ஒருமுறை சொல்வேன். ரீஃப் நாட், பௌலைன், முதலுதவி, திசைகாட்டி எல்லாவற்றிலும் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் சட்டையில் தைக்கும் பேட்ஜுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று கேட்டால் திணறுகிறார்கள்.

தை மாத முகாமுக்குக் கொள்ளிடக் கரைத் தோப்பில் இடம் பார்த்தாகிவிட்டது. மேட்டு நிலம், காய்ந்த கிளை தொங்காத மரங்கள், பக்கத்திலேயே குடிதண்ணீர். சமையல் இடத்துக்கருகே இரண்டு குழிகள்: ஒன்று குப்பைக்கு, மற்றொன்று கழுநீருக்கு. கழுநீர்க் குழியின் வாயில் புல்லைப் பரப்பினால் எண்ணெய்ப் பிசுக்கு அதில் தங்கிவிடும். அந்தப் புல்லைத் தினமும் எரித்துவிட்டுப் புதுப்புல் போடவேண்டும். அணிப் பட்டியலை மட்டும் நானே எழுதுவேன். ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே அணியில் வரக்கூடாது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் முறை வைத்துச் சமைக்கவேண்டும், ஒரே பானையிலிருந்து சாப்பிடவேண்டும். சில பெற்றோர் வந்து, "சார், என் பையனை அந்த அணியிலே போடாதீங்க" என்பார்கள். உட்காரவைத்துப் பிரவுன்சீயையும் 1916ஐயும் சொல்வேன். பட்டியலை மாற்றமாட்டேன்.