இறந்தவரை இரக்க வைக்காதீர்கள்

அண்மையில் எமது ஊரவர் ஒருவரின் ஜனாஸா அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வந்தது. 'இன்று காலை இரந்து விட்டார்' என்றிருந்தது. இரத்தல் என்றால் பிச்சை கேட்டல். ஆயுள் முழுக்க எவரிடமும் கை நீட்டாத மனிதர் அவர். மகன் பார்த்துவிட்டு என்னிடம்தான் வருத்தப்பட்டார்.

உயிர் போனால் வல்லின 'ற', கையேந்தினால் இடையின 'ர'. பேச்சில் எம்மில் பலருக்கு இரண்டும் ஒரே ஒலிதான், ஆகவே காதை நம்பி எழுத முடியாது. பள்ளிவாசல் 'பல்லிவாசல்' ஆவதும், திருமண வாழ்த்து 'திருமன வாழ்த்து' ஆவதும் இப்படித்தான்.

'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று எழுதுவோருக்கு ஒரு விதி போதும்: ற், ட் ஆகியவற்றை அடுத்து இன்னொரு புள்ளி வைத்த எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, கட்சி என்பனவே சரி. 'ர்' அப்படியல்ல; வளர்ச்சி, அதிர்ச்சி என்றே எழுத வேண்டும். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பதும் பிழை, ஒவ்வொரு மாணவரும் என்க. வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

இப்போதெல்லாம் அறிவித்தல் எழுதினால், அனுப்புமுன் வீட்டில் ஒருவரிடம் காட்டுகிறேன். அந்த ஜனாஸா அறிவித்தலின் திருத்திய பிரதி அன்று மாலையே வந்தது. முதற்பிரதிதான் இன்னமும் சுற்றுகிறது.