குடலிறக்கச் சத்திரசிகிச்சையில் வலை வைப்பது ஏன்?

பாரம் தூக்கும்போது கவட்டில் ஒரு வீக்கம் புடைக்கும், படுத்ததும் மறையும். ஹேர்னியா எனப்படும் குடலிறக்கத்தின் வழமையான அறிகுறி இது. வயிற்றுச் சுவரில் பலவீனமடைந்த இடத்தினூடாகக் குடலோ கொழுப்போ வெளியே தள்ளுவதே காரணமாகும். மருந்தோ இடுப்புப் பட்டியோ அந்தத் துவாரத்தை மூடாது.

1880களில் இத்தாலிய வைத்தியர் எடோர்டோ பசினி, தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையை உருவாக்கினார். ஆனால் இழுவை காரணமாகத் தையல் தளர்ந்து, சிலருக்குக் குடல் மீண்டும் இறங்கியது. லொஸ் ஏஞ்சல்ஸ் வைத்தியர் இர்விங் லிச்டென்ஸ்டீன் 1980களில் தசையை இழுக்காமல், பலவீனமான இடத்தின் மேல் வலையைப் பரப்பித் தைத்தார். திறந்த சத்திரசிகிச்சையில் இன்று உலகெங்கும் அதிகம் பின்பற்றப்படுவது இம்முறையே.

இந்த வலை பெரும்பாலும் பொலிப்புரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலால் ஆனது. அதன் கண்களூடாக உடலின் சொந்த இழையம் வளர்ந்து, அவ்விடம் உறுதியாகிறது. 2018இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, 46 பேருக்கு வலை வைத்தால் ஒருவருக்கு மீண்டும் குடலிறக்கம் வருவது தடுக்கப்படுகிறது. சிறுவர்களுக்கு வழமையாக வலை தேவைப்படுவதில்லை.

பாதகங்களும் உண்டு. காயத்தில் நீர் கட்டலாம், கிருமி தொற்றலாம். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வலி நீடிக்கலாம். வலையின்றித் தைத்தவர்களுக்கும் இவ்வலி வருவதுண்டு.

ஏற்கெனவே ஷெல் துண்டுகளைச் சுமந்து வாழ்பவர்கள், உடலுக்குள் இன்னொரு பொருளா என்று தயங்குவது இயல்பே. ஆனால் கிழித்துக்கொண்டு புகுந்த துண்டு வேறு, கிருமி நீக்கி அளவாக வெட்டி வைக்கப்படும் வலை வேறு. இவ்வலையில் உலோகம் இல்லை, எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அது தடையுமல்ல. ஷெல் துண்டுகளோ தடையாகலாம். எனவே உடலில் துண்டுகள் இருப்பதையும், முன்னர் வயிற்றில் நடந்த சத்திரசிகிச்சைகளையும், முள்ளந்தண்டுக் காயத்தையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடிவயிறு முன்னரே திறக்கப்பட்டவர்களுக்குக் கமரா மூலமான சத்திரசிகிச்சையை விடத் திறந்த முறையே பெரும்பாலும் பொருத்தமானது. பலருக்கு அவ்விடத்தை மட்டும் விறைக்கச் செய்தே இதைச் செய்யலாம்.

நீரிழிவு இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள். புகைத்தலை நிறுத்துங்கள். குருதி உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் அதையும் கூறவேண்டும். சத்திரசிகிச்சை முடிந்த அன்றே மெதுவாக நடக்கலாம். பாரம் தூக்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை, செய்யும் தொழிலைச் சொல்லிக் கேட்டறியுங்கள். அன்றாட உழைப்பில் வாழும் குடும்பம் அதற்கேற்பத் திட்டமிட அது உதவும்.

வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, கடும் வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கியிருக்கலாம். சில மணி நேரத் தாமதமும் உயிராபத்தாகலாம். அதை அழுத்தித் தள்ள முயலாமல், உணவும் நீரும் கொடுக்காமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.