உங்கள் கணவருக்கா?

இங்கிலாந்தின் நாரிச் நகரில், வீட்டிலேயே பீர் தயாரிப்பதற்கான பொருள்களை விற்கும் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். அலமாரி முழுக்க பீர் கிட்டுகள். எதை வாங்குவது என்று தெரியாமல் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து எடையையும் தேதியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அருகில் வந்து, "உங்கள் கணவருக்கா?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான், உதவத்தான் வந்தார். எனக்குக் கணவர் இல்லை என்று சொல்வதா என ஒரு கணம் தடுமாறிவிட்டு, "எனக்குத்தான்" என்றேன்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே ஊரில் ஓர் ஆண் வந்து பீர் தயாரிக்கப் பொருள் கேட்டிருந்தால், "உங்கள் மனைவிக்கா?" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

பீர் போடப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அப்பா குடித்தவர். சம்பள நாளில் தெருமுனையில் அவர் சைக்கிள் திரும்பும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று அம்மா கணித்துவிடுவாள். அந்த வாடை எங்கள் வீட்டில் பயத்தின் வாடை. நம்மில் பலருக்கு அப்படித்தான். தமிழ்ப் பெண்களின் அரசியல் வரலாற்றில் மது எதிர்ப்புக்கு முக்கியமான இடம் இருப்பதும் தற்செயல் அல்ல. 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்தியவர்கள் நாகம்மையாரும் கண்ணம்மாளும். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் குடிப்பவன் ஆண், அடிபடுபவள் பெண் என்ற அந்தச் சித்திரத்தில் ஒருத்தி விடுபட்டுப்போகிறாள். அவள் தயாரித்தவள்.

அவள் மிகப் பழையவள். சுமேரியர்களின் பீர் தெய்வம் நின்காசி, ஒரு பெண். சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய களிமண் பலகைகளில் அவளுக்கான துதிப்பாடல் கிடைத்திருக்கிறது. பாபிலோனின் ஹம்முராபி சட்டத்தில் மதுக்கடை நடத்துபவரைக் குறிக்கும் சொல் பெண்பாலில் இருக்கிறது. நம் பெரும்பாணாற்றுப்படையிலும் அவள் இருக்கிறாள். கள் சமைக்கும் பெண்கள் பாத்திரம் கழுவிக் கொட்டிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிக்குட்டிகள் புரளும் காட்சி அது. புலவர் கள்ளை மட்டும் பாடவில்லை, கழுவிய தண்ணீரையும் பார்த்திருக்கிறார். இதைப் பிறகு பேசுகிறேன்.

இடைக்கால இங்கிலாந்தில் பீர் இல்லை, ஏல்தான். பார்லியை முளைகட்டி, உலர்த்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புச் சாற்றை நொதிக்க விடுவார்கள். ஹாப்ஸ் சேர்க்காததால் சில நாள்களிலேயே புளித்துவிடும். தொலைவுக்கு அனுப்பவும் முடியாது. அதனால் ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் அடிக்கடி காய்ச்சியாக வேண்டும். வீட்டுத் தேவைக்குக் காய்ச்சிய பெண், மிஞ்சியதை அண்டை வீட்டாருக்கு விற்றாள். அண்டாவும் அடுப்பும் ஏற்கெனவே வீட்டில் இருந்தன, தனியாக முதலீடு வேண்டியிருக்கவில்லை. இந்தப் பெண்களுக்கு 'புரூஸ்டர்' என்று பெயர். 'ஸ்டர்' என்ற விகுதி ஒரு காலத்தில் பெண்பால் விகுதி. நூல் நூற்றவள் 'ஸ்பின்ஸ்டர்' ஆனதும் அப்படித்தான். அந்தச் சொல் பின்னாளில் கல்யாணமாகாதவள் என்று பொருள் மாறியது, புரூஸ்டர் வெறும் குடும்பப் பெயராகிப்போனது.

13-ஆம் நூற்றாண்டில் ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையும் தரமும் நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. ஏலைச் சுவைத்துப் பார்த்து அனுமதி தருவதற்கென்றே ஊர் அதிகாரிகள் இருந்தார்கள். அந்த நீதிமன்றப் பதிவுகளால்தான் இந்தப் பெண்களை இன்று நமக்குத் தெரிகிறது. அதிலும் ஒரு சிக்கல். மனைவி காய்ச்சியதற்குக் கணவன் பெயரை எழுதி வைத்த இடங்கள் ஏராளம். 'உங்கள் கணவருக்கா?' என்பது அவ்வளவு பழைய கேள்வி.

இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. ஏல் விற்ற பெண்கள் கூம்புத் தொப்பி அணிந்தார்கள், எலி பிடிக்கப் பூனை வளர்த்தார்கள், வாசலில் துடைப்பம் தொங்கவிட்டார்கள், அவர்களைச் சூனியக்காரிகள் என்று சொல்லி எரித்து ஆண்கள் தொழிலைப் பறித்தார்கள் என்கிறது அந்தக் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் ஒரு காலத்தில் பகிர்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. கூம்புத் தொப்பி போட்ட சூனியக்காரியின் படம், பெண்கள் இந்தத் தொழிலிலிருந்து வெளியேறி வெகுகாலம் கழித்து வந்தது.

உண்மையில் நடந்ததை வரலாற்றாளர் ஜூடித் பென்னெட் 1996-இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகக் காட்டுகிறார். அதில் தீயும் இல்லை, தூக்குமேடையும் இல்லை, கணக்குப் புத்தகம்தான் இருக்கிறது. 1348-இல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு உயிர்பிழைத்தவர்களின் கூலி உயர்ந்தது, குடிப்பதும் கூடியது. நெதர்லாந்துப் பகுதியிலிருந்து ஹாப்ஸ் சேர்த்த பீர் வந்தது. ஹாப்ஸ் பூவின் கசப்பு பானத்தைக் கெடாமல் காக்கும் என்பதை 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் ஹில்டகார்ட் என்ற ஜெர்மானியத் துறவி. அவரும் பெண்தான். கெடாத பீரைப் பெரிய அளவில் காய்ச்சலாம், பீப்பாயில் அடைத்துத் தொலைவுக்கும் படைக்கும் அனுப்பலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், கடன் வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், கூலியாள் வேண்டும். மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது. அவளுக்கு யார் கடன் கொடுப்பார்? லாபம் சிறிதாக இருந்தவரை அது பெண் வேலை. லாபம் பெரிதானதும் ஆண் தொழில்.

கூடவே ஏளனமும் வந்தது. லட்லோ நகர தேவாலயத்தின் மரச் சிற்பம் ஒன்றில் ஏல் விற்றவளைப் பேய்கள் நரகத்துக்குத் தூக்கிச் செல்கின்றன. அளவில் ஏமாற்றினாளாம். 1540-இல் செஸ்டர் நகரில் 14 முதல் 40 வயதுவரையுள்ள பெண்கள் ஏல் கடை நடத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள்.

நாரிச்சிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிறது கிங்ஸ் லின் என்ற துறைமுக ஊர். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வாழ்ந்தவர் மார்ஜரி கெம்ப். எழுத்தறியாத அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாழ்க்கைக் கதை, நெடுங்காலம் காணாமல்போய், 1934-இல் முழுப் பிரதியாகக் கிடைத்தது. மூன்று நான்கு ஆண்டுகள் ஊரிலேயே பெரிய அளவில் ஏல் காய்ச்சிய சிலரில் தானும் ஒருத்தி என்கிறார். பிறகு தொழில் நொடித்தது. நன்றாகப் பொங்கி நின்ற நுரை திடீரென்று அமுங்கிவிடும், அண்டா அண்டாவாக ஏல் வீணாகும். அதைக் கடவுள் தந்த தண்டனையாக எடுத்துக்கொண்டார். அதைப் படித்தபோது எனக்கு மாவு பொங்காத காலையில் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஈஸ்ட் என்ற உயிர்தான் நொதிக்க வைக்கிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டில்தான் அறிவியல் நிறுவியது. அதுவரை நுரை அமுங்கினால் பழி பெண்ணின் மேல்தான், அவளே போட்டுக்கொண்டாலும் சரி, ஊர் போட்டாலும் சரி.

வீட்டுக்கு மட்டும் காய்ச்சுவது அதன்பின்னும் தொடர்ந்தது. 1880-இல் அதற்கும் உரிமம் வேண்டும் என்று ஆனது. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அதன்பிறகுதான் கிட்டுகள் கடைகளில் குவிந்தன. 1970-களில் மருந்துக்கடைகளில்கூட வாங்க முடிந்தது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு, இன்றும் உண்டு. நீங்கள் குடிக்கலாம், விற்கக் கூடாது.

இந்த நிபந்தனையில்தான் என் கண் நிற்கிறது. பெண்களிடமிருந்து பறிபோனது காய்ச்சும் வேலை அல்ல, விற்கும் உரிமை, கையில் வந்த காசு. வேலை மட்டும் திரும்பி வந்தபோது அது 'பொழுதுபோக்கு' ஆகியிருந்தது. பொழுதுபோக்கு என்றதும் ஆண்களுடையதாகியும் இருந்தது.

சரி, எந்தக் கிட்டை வாங்குவது? கிட் என்பது வேறு யாரோ ஏற்கெனவே செய்துமுடித்த வேலை. எவ்வளவு வேலையை அவர்களிடம் விடுகிறோம் என்பதுதான் தேர்வு. மலிவானது ஒற்றை டப்பா. சுமார் 1.7 கிலோ, தேன் பதத்தில் ஹாப்ஸ் சேர்த்துக் காய்ச்சிச் சுண்டவைத்த மால்ட் சாறு. ஒரு கிலோ சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்தால் 23 லிட்டர் பீர். சர்க்கரை பாதிக்குப் பாதி என்பதால் ருசி மெலிந்திருக்கும், அதற்குப் பதில் மால்ட் பொடி சேர்ப்பது நல்லது. சர்க்கரையே வேண்டாத, மூன்று கிலோவோ அதற்கு மேலோ உள்ள கிட் விலை கூடினாலும் முதல்முறை செய்பவர்களுக்கு அதுதான் ஏற்றது. முழுத் தானிய கிட்டில் பார்லியை ஊறவைப்பதிலிருந்து எல்லாம் நம் வேலை, ஒரு பகல் போய்விடும். எதை எடுத்தாலும் தேதியைப் பாருங்கள். பழைய சாறு கறுத்திருக்கும், மூடிக்கடியில் உள்ள ஈஸ்ட் வீரியம் இழந்திருக்கும். நொதிக்கும் அறை 20 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். ஹைட்ரோமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அடுத்தடுத்த நாள்களில் எண் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.

எந்த டப்பாவிலும் அடைத்துத் தர முடியாதது ஒன்று இருக்கிறது. கழுவுவது. வாளி, மூடி, குழாய், கரண்டி, நாற்பது ஐம்பது பாட்டில்கள், எல்லாவற்றையும் கழுவி, கிருமிநீக்கி நீரில் அலசி எடுக்க வேண்டும். வீட்டு பீரில் பெரும்பகுதி வேலை இதுதான். பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் நுரை ததும்பும் கண்ணாடிக் கோப்பை மட்டும்தான் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் புலவர் கழுவிய நீரைப் பார்த்ததை அதனால்தான் பெரிதாகச் சொன்னேன்.

சர்க்கரை வேண்டாத கிட்டையே வாங்கினேன். வாளியை மூடிய இரவு அம்மாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேச்சில்லை. அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "பாத்திரமெல்லாம் நல்லா கழுவுனியாடி?" என்று கேட்டாள். கழுவினேன் என்றேன். "ராத்திரி குளிருமே அங்க, ஒரு கம்பளி சுத்தி வை. பொங்குச்சான்னு காலைல சொல்லு" என்றாள்.