பூர்வபக்ஷத்தின் மூலநூல்: தமிழகத்தில் பௌத்த தர்சனக் கல்வி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், ஏலத்தோட்டங்களைக் கடந்து செல்லும் வழிப்போக்கர் சிலருக்கு ஊர்ப்பெயரே ஒரு மயக்கத்தைத் தருவதுண்டு. ‘போடி’ என்பது ‘போதி’யின் திரிபோ, இம்மலைச்சாரலில் பௌத்தர் வாழ்ந்தனரோ என்று வினவுவர். ஊரின் பெயர் பாளையக்காரப் பரம்பரையின் பெயர். போதிமரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கீழே பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்துப் பாறையில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளோடு செதுக்கப்பட்டிருப்பவையும் ஜைன தீர்த்தங்கரர் உருவங்களே. ஆயின் இம்மலையடிவாரத்துக் கல்லூரியொன்றில் மணிமேகலையைப் பாடமாகப் படிக்கும் மாணவன், பன்னிரு நிதானங்களுக்கும் நால்வகை வாய்மைக்கும் பொருள் கேட்க யாரிடம் செல்வான்? ஜைனரைக் கேட்கலாம், வைஷ்ணவரைக் கேட்கலாம், சைவரைக் கேட்கலாம். தன் மதமாகவே பௌத்தத்தைப் பரம்பரையாகப் பயின்றுவந்த ஆசிரியர் ஒருவர் தமிழகத்தில் கிடைப்பதில்லை. நூலைத்தான் கேட்க வேண்டும்.

இதே நிலை கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையருக்கும் நேர்ந்தது. சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்கு இக்குறை இருக்கவில்லை. கும்பகோணத்திலேயே ஜைனர் வீடுகள் இருந்தன. அவர்களிடம் சென்று, அவர்களது வழக்கிலிருந்த சொற்களைக் கேட்டறிந்து, 1887இல் அந்நூலை வெளியிட்டார். மணிமேகலையை எடுத்தபோது அவ்வாறு செல்ல ஒரு தெருவும் இல்லை. இத்தனைக்கும் அவ்வூருக்கு அருகே திருவிளந்துறையில் புத்தர் கோயில் ஒன்று இருந்ததைக் கும்பேசுவரர் கோயிலிலுள்ள 1580ஆம் ஆண்டின் கல்வெட்டு குறிப்பிடுகிறது. முந்நூறு ஆண்டுகளுக்குள் கோயிலும் போயிற்று, பொருள் சொல்வாரும் போயினர்.

ஐயருக்கு உதவியவர் அக்கல்லூரியிலேயே பணியாற்றிய மளூர் ரங்காசாரியர். ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த பௌத்த மத நூல்களைத் தேடிப் படித்து, அவற்றின் பொருளைத் தமிழில் எடுத்துரைத்தார். ஐயர் கேட்டுக் குறித்துக்கொண்டார். புரியாமல் கிடந்த தொடர்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. 1898இல் மணிமேகலை அரும்பதவுரையோடு வெளிவந்தபோது, புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்னும் மூன்று வசனப் பகுதிகளையும் ஐயர் எழுதிச் சேர்த்தார். தமிழ் மாணவர் ஒருவர் பௌத்த தர்சனத்தை முறையாகக் கற்பதற்குப் பயன்பட்ட முதற் பாடநூல் என்று அப்பகுதிகளைச் சொல்வது மிகையாகாது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மணிமேகலை அச்சேறியதற்கு அடுத்த ஆண்டே, 1899இல், எம். பி. வரதராஜ ஐயங்காருடன் சேர்ந்து ரங்காசாரியர் செய்த ஸ்ரீபாஷ்ய ஆங்கில மொழிபெயர்ப்பின் முதற்பகுதி வெளிவந்தது. பௌத்தத்தை ஐயருக்கு விளக்கிய காலத்தை ஒட்டியே எம்பெருமானாரின் வாக்கியங்களையும் அவர் எடைபோட்டுக்கொண்டிருந்தார் என்பது வெளிப்படை. பிற்காலத்தில் அவர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஸம்ஸ்கிருதப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பொறுப்பாளராகவும் விளங்கினார்.

ஸ்ரீபாஷ்யத்தைப் பயின்றவருக்குப் பௌத்தம் முற்றிலும் புதிய பொருளன்று. இரண்டாம் அத்தியாயத்தின் இரண்டாம் பாதமாகிய தர்க்கபாதத்தில் ஸமுதாயாதிகரணம் வைபாஷிகரையும் ஸௌத்ராந்திகரையும், உபலப்த்யதிகரணம் யோகாசாரரையும், ஸர்வதாநுபபத்யதிகரணம் மாத்யமிகரையும் எடுத்து மறுக்கின்றன. சங்கரர் சூன்யவாதத்தைத் தனி அதிகரணமாக்கி மறுக்கத் தேவையில்லை என்று விடுத்தார்; ஸ்ரீபாஷ்யகாரரோ அதற்கெனவே ஓர் அதிகரணம் வகுத்தார். ஸ்வாமி தேசிகன் பரமதபங்கத்தில் இந்நால்வருக்கும் தனித்தனி அதிகாரம் எழுதினார். அதுவும் மணிப்பிரவாள நூலாதலின், தமிழறிந்தார் எவரும் நுழையக்கூடியது.

அந்தப் பூர்வபக்ஷிகள் வெறும் ஏட்டுப் பகைவரும் அல்லர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததை லெய்டன் பெரிய செப்பேடு சொல்கிறது. 1090இல் முதற்குலோத்துங்கன் அவ்விகாரத்தின் உரிமைகளை உறுதிசெய்ததைச் சிறிய செப்பேடு சொல்கிறது. ஸ்ரீபாஷ்யகாரரின் காலத்திலேயே சோழநாட்டுக் கடற்கரையில் பிக்ஷுக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. திருமங்கையாழ்வார் நாகையிலிருந்து பொன்னுருவைக் கொணர்ந்து திருவரங்கத் திருமதில் திருப்பணிக்கு ஆக்கினார் என்னும் குருபரம்பரை வரலாற்றைச் சரித்திர ஆசிரியர் எவ்வாறு மதிப்பிட்டாலும், அவ்வூரின் பௌத்தச் செல்வம் வைஷ்ணவர் நினைவில் நின்றதற்கு அது சாட்சி. அவ்விகாரத்தைச் சார்ந்ததாகக் கருதப்பட்ட பழைய கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அங்கு அகழ்ந்தெடுத்த செப்புத் திருமேனிகள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன.

பல்கலைக்கழகத்தில் பௌத்தம் படிக்கப் புகும் வைஷ்ணவ மாணவன் எதிர்கொள்ளும் கேள்வி இங்கேதான் எழுகிறது. நம் ஆசார்யர்கள் எடுத்துக்கூறும் பூர்வபக்ஷம் பௌத்தர் உண்மையில் சொன்னதுதானா? வாதத்தில் எதிரியின் கூற்றை மெலிவித்து மறுப்பது எளிது. அவ்வாறு செய்திருந்தால் மறுப்பும் மெலிந்ததாகிவிடும். இதைச் சோதிக்க மூலநூல் வேண்டும்; நெடுங்காலம் அது கையில் இல்லை. திங்நாகரும் தர்மகீர்த்தியும் திபெத்திய மொழிபெயர்ப்பில் இருந்தார்கள். ஸம்ஸ்கிருத மூலங்களிற் சில குஜராத், ராஜஸ்தான் பகுதிகளின் ஜைன பண்டாரங்களில் துயின்றன. பௌத்தரின் நூலை ஜைனர் காத்தது பாரத நாட்டு வாதமரபின் பெருமைகளுள் ஒன்று.

அந்நூல்களை வெளிக்கொணர்ந்தவர்களில் ஸ்ரீவைஷ்ணவப் பெயர்கள் வருவதை நம் வாசகர் அறிந்திருத்தல் நன்று. சாந்தரக்ஷிதரின் தத்வஸங்க்ரஹத்தைக் கமலசீலரின் பஞ்ஜிகையோடு 1926இல் பரோடா கெய்க்வாட் வரிசையில் பதிப்பித்தவர் எம்பார் கிருஷ்ணமாசாரியர். 26 பரீக்ஷைகளும் 3,600க்கு மேற்பட்ட காரிகைகளும் கொண்ட பெருநூல் அது. எம்பெருமானாரின் தம்பி முறையினரான கோவிந்தரின் திருநாமத்தைக் குடும்பப்பெயராகத் தாங்கிய ஒருவர், ஆத்மவாதம் அனைத்தையும் மறுக்கும் நூலை எழுத்தெண்ணித் திருத்தி வெளியிட்டார். 1930இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பிரமாணஸமுச்சயத்தின் பிரத்யக்ஷ பரிச்சேதம், எச். ஆர். ரங்கஸ்வாமி ஐயங்கார் திபெத்தியத்திலிருந்து ஸம்ஸ்கிருதத்துக்கு மீட்டுத் தந்தது. என். ஐயாஸ்வாமி சாஸ்திரியார் திங்நாகரின் ஆலம்பனபரீக்ஷையை அவ்வாறே மீட்டார். 1942இல் அடையாறு நூலகம் அதை வெளியிட்டது.

தத்வஸங்க்ரஹம் மற்றொரு பாடத்தையும் தருகிறது. அவித்தகர்ணர் போன்ற நையாயிகர் சிலரின் நூல்கள் இன்று இல்லை; சாந்தரக்ஷிதரும் கமலசீலரும் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய அளவிலேயே அவர்கள் உயிரோடிருக்கிறார்கள். பூர்வபக்ஷத்தை நேர்மையாக எழுதாவிடில் எதிரி அழிந்துபோவான் என்பது இரு தரப்புக்கும் பொது.

இனி ஸ்ரீபாஷ்யத்தைச் சோதித்துப் பார்க்கலாம். யோகாசார பூர்வபக்ஷத்தில் ஸஹோபலம்ப நியமம் என்னும் ஹேது வருகிறது. நீலமும் நீலத்தைப் பற்றிய அறிவும் எக்காலும் சேர்ந்தே தோன்றுவதால் இரண்டும் வேறல்ல என்பது அதன் கருத்து. சேர்ந்திருத்தல் என்று சொல்லும்போதே இரண்டு பொருள்கள் ஒப்புக்கொள்ளப்பட்டன அன்றோ என்பது பாஷ்யகாரரின் விடை. இந்த ஹேது தர்மகீர்த்தியின் பிரமாணவிநிச்சயத்தினது. அந்நூல் நெடுநாள் திபெத்தியத்தில் மட்டுமே முழுமையாகக் கிடைத்தது. ஸம்ஸ்கிருத மூலத்தின் முதலிரு பரிச்சேதங்கள் 2007இல்தான் எர்ன்ஸ்ட் ஸ்டெயின்கெல்னரின் பதிப்பாக வெளிவந்தன. மூலத்தோடு ஒப்பிடுகையில், வேதாந்திகள் பலகாலும் எடுத்தாண்ட அந்த ஹேது சிதைக்கப்படாமலே நம்மிடம் வந்திருப்பது தெரிகிறது. இவ்வதிகரணத்தைப் பொறுத்தவரை மாணவன் அஞ்ச வேண்டியதில்லை.

மாத்யமிகர் செய்தி அத்துணை எளிதன்று. ஸர்வதாநுபபத்யதிகரணத்தில் சூன்யம் என்பது துச்சத்துவம், அதாவது ஒன்றுமின்மை, என்னும் பொருளில் கொள்ளப்படுகிறது. உண்டு, இல்லை என்னும் இரு சொற்களும் உள்ள பொருளொன்றின் நிலைகளையே குறிக்குமாதலால், எவ்வகையில் சொன்னாலும் அந்த ஒன்றுமின்மை நிலைபெறாது என்பது பாஷ்யகாரர் வாதம். நாகார்ஜுனரோ மூலமத்யமக காரிகையின் 24ஆம் பிரகரணத்தில், சூன்யம் என்றால் அனைத்தும் அழியுமே என்னும் ஆக்ஷேபத்தைத் தாமே எழுப்பி, சார்ந்து தோன்றுதலையே சூன்யதை என்று தாம் சொல்வதாக விடையளிக்கிறார். அந்நூல் சந்திரகீர்த்தியின் உரையோடு 1903 முதல் 1913 வரை ரஷ்யத் தலைநகரில் அச்சாயிற்று. அதன்பின் பல்கலைக்கழகங்களில் சூன்யவாதத்தை நாஸ்தித்துவம் என்று சொல்வது மெல்லக் குறைந்தது. காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தமிழர் டி. ஆர். வி. மூர்த்தி 1955இல் வெளியிட்ட மாத்யமிக ஆய்வுநூல் அக்கருத்தை ஏறக்குறைய நிலைநாட்டியது.

அப்படியாயின் பாஷ்யகாரர் தவறாக உணர்ந்தார் என்று சொல்லிவிடுவது அவசர முடிவு. மாத்யமிகரை நாஸ்திகர் என்று பழித்தவர்களில் யோகாசார பௌத்தரும் இருந்தனர். ஆதலின் அவ்வாசிப்பு வேதாந்திகளின் கற்பனையன்று. பாஷ்யகாரரின் வாதம் துச்சத்துவம் என்னும் பக்ஷத்தைக் குறி வைத்தது. அப்பக்ஷத்தை ஏற்பவர் யாராயினும் அது அவரைத் தாக்கும். சார்ந்து தோன்றுதல் என்று விளக்கும் மாத்யமிகனை அது நேரே தொடுமா என்பதே இன்னும் ஆராய வேண்டியது. தொடவில்லை என்று கொள்வோர், ஸமுதாயாதிகரணத்தில் காரணகாரியச் சங்கிலியைப் பற்றிக் கூறிய மறுப்பை இங்கும் கொணர்ந்து பொருத்த முடியுமா என்று பார்க்கலாம். அப்பணி வியாக்யான மரபுக்குரியது; பல்கலைக்கழகம் அதைச் செய்துதராது.

இவ்வாராய்ச்சி புறமதத்தார் பற்றியதோடு நில்லாது. மாயாவாதத்தைப் பிரச்சன்ன பௌத்தம் என்று உபலப்த்யதிகரணத்திலேயே ஸ்ரீபாஷ்யம் சுட்டுகிறது. பௌத்தம் இன்னது என்று துல்லியமாக அறியாதவன் வாயில் அச்சொல் வெறும் வசைமொழியாகிவிடும். மூர்த்தி தம் நூலில் மாத்யமிகம், விஞ்ஞானவாதம், அத்வைதம் மூன்றையும் அருகருகே நிறுத்தி ஒற்றுமை வேற்றுமை காட்டுகிறார். வைஷ்ணவச் சார்பற்ற ஒருவர் எழுதிய அந்த ஒப்பீட்டை நம் வித்வான்கள் போதிய அளவு பயன்கொள்ளவில்லை.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் அளவையிலக்கணம் கூறி, பக்ஷப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலிகளைப் பகுக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுத் துறையின் முதற் பேராசிரியரும் தென்னாட்டு வைஷ்ணவ வரலாற்றை எழுதியவருமான சாக்கோட்டை கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார், 1928இல் மணிமேகலை பற்றி எழுதிய நூலில், இவ்வளவைப் பகுதி திங்நாகருக்கு முற்பட்டது என்று வாதிட்டார். ந்யாயப்ரவேசத்தை அடியொற்றியது, ஆகவே பிற்பட்டது என்பது எதிர்க்கட்சி. ந்யாயப்ரவேசத்தின் ஸம்ஸ்கிருத மூலம் 1930இல் அச்சானபின், போலிகளின் வரிசையை இரு நூல்களிலும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்க்க முடிந்தது, எதிர்க்கட்சியே வலுப்பெற்றது. திங்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய வரலாற்றாசிரியர் தாரநாதர் எழுதுகிறார். ஸ்வாமி தேசிகன் அவதரித்த தூப்புலும் காஞ்சியில்தான் உள்ளது. பரமதபங்கத்தின் பௌத்த அதிகாரங்களையும் மணிமேகலையின் 29ஆம் காதையையும் ஒரே மேசையில் விரித்து, சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் வேலை ஒரு மாணவனுக்காகக் காத்திருக்கிறது.