இந்தியப் பெருங்கடல் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு

இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள 28 நாடுகள், யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான கடலியல் ஆணையத்தின் கீழ் 2005 முதல் கூட்டாக நடத்திவரும் கண்காணிப்பு ஏற்பாடு. கடலை அளப்பதும் கணிப்பதும் பொதுவான வேலை. கரையைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் அந்தந்த நாட்டு அரசுக்கே உரியது. இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் இந்தப் பிரிவினையில்தான் இருக்கின்றன.

பசிபிக் கடலில் இத்தகைய ஏற்பாடு முன்பே இருந்தது. 1946இல் அலூசியன் தீவுகளில் எழுந்த அலை ஹவாயைத் தாக்கியபின் 1949இல் அங்கே ஓர் எச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் சிலி பேரழிவுக்குப் பின், 1965இல் அது பன்னாட்டு ஏற்பாடாக விரிந்தது. இந்தியப் பெருங்கடலில் பேரலைகள் அரிது என்ற எண்ணத்தால் யாரும் அதற்குப் பணம் ஒதுக்கவில்லை. 1945இல் மக்ரான் கரையில் எழுந்து இன்றைய பாகிஸ்தான், மேற்கு இந்தியக் கரைகளைத் தாக்கிய அலையும் நினைவிலிருந்து நழுவியிருந்தது.

2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரம் 6.29 மணிக்கு, சுமத்ராவின் மேற்கே 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. ஹவாய் மையம் கால் மணி நேரத்தில் அறிக்கை வெளியிட்டது. ஆனால் அதிர்வை 8.0 என்று மதிப்பிட்ட அந்த அறிக்கை, பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றது. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்பதற்குக்கூட வழிவகை இருக்கவில்லை. இலங்கையின் கிழக்குக் கரைக்கும் தமிழகக் கரைக்கும் அலை வந்து சேர இரண்டு மணி நேரம் போல ஆனது. ஓடித் தப்பப் போதுமான நேரம்தான். 14 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல்.

அன்று தப்பிய ஊர்களும் உண்டு. புதுச்சேரியின் நல்லவாடு மீனவ ஊருக்கு, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சேதி சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் அங்கே இயங்கிவந்தது. அதன் ஒலிபெருக்கி, வழக்கமாகக் கடல் நிலவரம் சொல்வது, அன்று மக்களைக் கரையைவிட்டு ஓடச் சொன்னது. சுமத்ராவையொட்டிய சிமலுவே தீவிலோ ஒலிபெருக்கியும் இல்லை. 1907இல் வந்த அலையைப் பாட்டிலும் கதையிலும் சுமந்திருந்தவர்கள் நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கியதும் குன்றேறினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

2005 ஜூனில் கடலியல் ஆணையத்தின் பேரவை புதிய அமைப்புக்கு ஒப்புதல் தந்தது. ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் முதல் கூட்டம் நடந்தது. அதுவரை காத்திராமல் ஹவாய் மையமும் ஜப்பானிய வானிலை முகமையும் இடைக்காலச் சேவை அளிக்கத் தொடங்கியிருந்தன. ஒரே மையம் போதுமா என்ற கேள்விக்கு நாடுகள் தந்த விடை, மூன்று மையங்கள். ஹைதராபாத்தில் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) 2007 அக்டோபரில் எச்சரிக்கைப் பணியைத் தொடங்கியது. இந்தோனேசியா ஜெர்மனியின் உதவியோடும், ஆஸ்திரேலியா தன் நிலவியல், வானிலைத் துறைகளை இணைத்தும் 2008இல் வந்து சேர்ந்தன. 2011 அக்டோபரில் இம்மூன்றும் வட்டாரம் முழுமைக்கும் பொறுப்பேற்றன; 2013 மார்ச்சோடு இடைக்காலச் சேவை முடிவுக்கு வந்தது.

நில அதிர்வுமானிகள் அதிர்வின் இடத்தையும் அளவையும் சில நிமிடங்களில் சொல்லிவிடும். உடனே, முன்கூட்டியே கணித்து வைத்த ஆயிரக்கணக்கான மாதிரிகளிலிருந்து பொருத்தமானதைக் கணினி எடுத்துத் தரும். அலை உண்மையில் எழுந்ததா என்பதை ஆழ்கடல் தரையிலுள்ள அழுத்தமானிகள் உறுதி செய்யும். பல கிலோமீட்டர் நீருக்கு அடியிலிருந்தும் ஓரிரு சென்டிமீட்டர் மாற்றத்தை உணரும் இக்கருவிகள், மேலே மிதக்கும் மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். இந்தியாவின் மிதவைகளைப் பராமரிப்பது சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்.

சிக்கலும் இந்த மிதவையில்தான் தொடங்குகிறது. மிதக்கும் எதன் நிழலிலும் மீன் கூடும். மீன் கூடும் இடத்தில் படகைக் கட்டுவது கடலோடிக்கு இயல்பு. இதனால் மிதவைகள் பழுதாவதைக் ‘கருவி நாசம்’ என்று மட்டும் அறிக்கைகள் பதிவது பாதி உண்மை. கரையில் மீனவர்களிடம் பேச வேண்டியதைப் பேசாமல் கடலில் கருவியை இறக்கியதும் ஒரு காரணம். இந்தோனேசியாவின் மிதவைகள் 2012 முதலே இயங்கவில்லை என்று அந்நாட்டுப் பேரிடர் முகமை பின்னர் ஒப்புக்கொண்டது. பராமரிப்புக்கு நிதி இல்லாததும் காரணம்.

2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது. தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. ஆனால் பண்டா ஆச்சே நகரச் சாலைகள் தப்பியோடியவர்களின் வாகன நெரிசலில் உறைந்தன. 2018 டிசம்பரில் இந்தோனேசியாவின் அனாக் கிரகதோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து அலையை எழுப்பியது. அதற்கு முன் பெரிய அதிர்வு எதுவும் இல்லாததால், அதிர்வை நம்பிக் கட்டிய அமைப்பு வாய் திறக்கவில்லை. நானூறு பேருக்கு மேல் இறந்தனர். அதன்பின்தான் எரிமலை, நிலச்சரிவு அலைகள் தனிக் கவனம் பெற்றன.

ஆளைப் பயிற்றுவிக்கும் பணி, கருவிகளைவிட மெதுவாக நகர்ந்தது. 2009 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டார ஒத்திகை நடக்கிறது. இன்காய்ஸ் வளாகத்திலுள்ள பன்னாட்டுப் பயிற்சி மையத்தில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அலுவலர்கள் செயல்முறைக் கடலியல் கற்கிறார்கள். ஊர் அளவில் வரைபடம், வெளியேறும் வழி, ஒத்திகை ஆகியவற்றைச் சரிபார்த்து யுனெஸ்கோ தரும் ‘சுனாமிக்குத் தயார்’ அங்கீகாரத்தை இந்தியப் பெருங்கடலில் முதலில் பெற்றவை, 2020இல், ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூரும் நோலியாசாகியும். இவை 2004இன் அலையில் அதிகம் இழந்த கரைகளில் உள்ளவை அல்ல. 1999ஆம் ஆண்டின் பெரும்புயலுக்குப் பின் ஒடிசா கட்டிய புயல் காப்பிடங்களும் ஊர்த் தொண்டர் குழுக்களும் அங்கே ஏற்கெனவே இருந்தன. அந்த அங்கீகாரத்தையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.