களிமண்ணில் ஒரு பஸ்... கொலம்பியாவின் 'சிவா' பொம்மை பற்றி தெரியுமா?

பேரு 'சிவா'. ஆனா ஆள் இல்லை, பஸ்! ஸ்பானிஷ் மொழியில் பெண் ஆடு என்று அர்த்தம். லாரி சேஸிஸ் மேல் மரத்தால் பாடி கட்டி, பளிச்சென பெயின்ட் அடித்து, கொலம்பியாவின் மலைக் கிராமங்களில் ஓட்டும் வண்டி இது.

பொம்மையில் என்ன ஸ்பெஷல்?
பிட்டாலிட்டோ ஊரின் கைவினைக் கலைஞர் செசிலியா வர்காஸ், இந்த பஸ்ஸைக் களிமண்ணில் செய்து பிரபலமாக்கினார். கூரையில் வாழைத்தார், காபி மூட்டை, கோழி. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்த சனங்கள். சந்தைக்குப் போகும் ஊரே அதில் இருக்கும்.

ஏன் முக்கியம்?
மலைப்பாதைகளில் சிவா இன்னும் ஓடினாலும், நகரங்களில் அது சுற்றுலாப் பயணிகள் ஆடிப்பாடும் பார்ட்டி பஸ்ஸாகிவிட்டது. அங்கே மூட்டையும் இல்லை, கோழியும் இல்லை. அந்தப் பழைய பயணிகளை இறக்கிவிடாமல் வச்சிருப்பது இந்தக் களிமண் பஸ்தான்.