போஸின் நுண்ணலைச் சோதனைகள்

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் (1858–1937), 1894 முதல் 1900 வரை மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் இவை. நம்மவர்கள் அவரைச் செடிகொடிகளின் உணர்வை அளந்தவராகவே அறிவார்கள். அதற்கு முந்தைய இந்த ஆறாண்டுப் பணியே அறிவியலில் அவருடைய உறுதியான சாதனை.

மின்காந்த அலை உண்டென்று 1888 வாக்கில் மெய்ப்பித்த ஹெர்ட்ஸ், அது ஒளியைப் போலவே திரும்பும், வளையும் என்று காட்டச் சுமார் 66 செ.மீ. நீள அலையைப் பயன்படுத்தினார். அதற்கு அரை டன்னுக்கு மேல் எடையுள்ள தார்ப் பட்டகம் தேவைப்பட்டது. அலை குறுகினால் கருவியும் சிறுக்கும் என்பது போஸின் கணக்கு. கல்லூரியின் சிற்றறை ஒன்றில், உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவரின் துணையோடு, 5 முதல் 25 மி.மீ. வரையிலான அலைகளை எழுப்பும் கருவிகளைச் செய்தார். எல்லாம் மேசைக்குள் அடங்கின. அலையைச் செலுத்திய குழாயும் வாங்கிச் சேர்த்த புனலும் இன்றைய அலைவழிகாட்டிக்கும் கொம்பு ஆன்டெனாவுக்கும் முன்னோடிகள். ஒரே தளத்தில் அதிரும் அலையை மட்டும் பிரித்தெடுக்க, தாள்களுக்கிடையே உலோகத் தகடு செருகிய ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் போதுமாக இருந்தது! முறுக்கிய சணல் அந்தத் தளத்தையே திருப்பியது.

1895இல் கல்கத்தா டவுன்ஹாலில் பொதுமக்கள் முன்னிலையில், போஸ் எழுப்பிய அலையால் 75 அடிக்கு அப்பால் கம்பியின்றி மணி அடித்தது, வெடிமருந்து பற்றிக்கொண்டது. 1897 ஜனவரி 29 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றினார்.

வானொலியைக் கண்டுபிடித்தவர் மார்க்கோனியா போஸா என்ற வழக்கு இங்கே ஓயாமல் நடக்கிறது. போஸ் 1899இல் விவரித்த இரும்பு–பாதரச உணரியை ஒத்த ஒன்றே 1901இல் அட்லாண்டிக்கைக் கடந்த மார்க்கோனியின் சமிக்ஞையை வாங்கியது என்பது உண்மை. ஆனால் கடல் தாண்டச் செய்தி அனுப்புவது போஸின் நோக்கமே அல்ல. நேர்கோட்டில் செல்லும் குறுஅலைகள் அதற்கு ஏற்றவையும் அல்ல. ஆகவே அவரை வானொலியின் தந்தை என்பதைவிட நுண்ணலை இயலின் முதல்வர் என்பதே பொருந்தும்.

காப்புரிமை அவருக்குப் பிடிக்காது. நண்பர்களின் வற்புறுத்தலால் கலீனாப் படிக உணரிக்கு 1901இல் விண்ணப்பித்து, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதையும் காலாவதியாக விட்டுவிட்டார்.

போஸ் ஆராய்ந்த நுண்ணலைகள் இன்று நம் சாலையோரங்களிலேயே வேலை செய்கின்றன. மதுரையிலிருந்து காரியாபட்டி வழியாக அருப்புக்கோட்டை செல்பவர்கள் செல்பேசிக் கோபுரங்களில் முரசு வடிவ ஆன்டெனாக்களைக் காணலாம். கோபுரத்துக்குக் கோபுரம் பேச அவை பயன்படுத்துவது பெரும்பாலும் சென்டிமீட்டர் அளவு நுண்ணலைகளையே.

போஸின் ஆய்வுகளை மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ. 2012இல் பொறியியல் மைல்கல்லாக அறிவித்தது.